உறையின் ஆயுளும் தோலின் ஆயுளும்

தமிழ்நாட்டின் தோல் தொழில் என்றதும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல், சென்னையின் பல்லாவரம், திருச்சியின் செம்பட்டு முதலிய ஊர்களே நினைவுக்கு வரும். பெரம்பலூரும் அரியலூரும் அந்த வரிசையில் இடம்பெற்றதில்லை. பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் சின்ன வெங்காயத்திற்கும் பெயர்பெற்ற பெரம்பலூரும், சுண்ணாம்புக்கல்லாலும் சிமெண்ட் ஆலைகளாலும் அறியப்பட்ட அரியலூரும் அண்மைக் காலத்தில் காலணித் தொழிலுக்குள் நுழைந்திருக்கின்றன என்றாலும், அவற்றுக்கு வாசல் திறந்துவிட்டது தோல் அல்லாத பொருள்களால் ஆன காலணியே ஆகும். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு காலணி மற்றும் தோல் பொருள்களுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று, நெடுங்காலமாகச் சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட, பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூரில் உள்ள சிப்காட் வளாகத்தில் காலணிப் பூங்காவுக்கு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அடிக்கல் நாட்ட, அடுத்த ஆண்டிலேயே குரோக்ஸ் நிறுவனத்துக்கான காலணிகள் அங்கே உருவாகத் தொடங்கின. 2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டத்தில், தைவான் நாட்டு டீன் ஷூஸ் நிறுவனத்தின் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்பது அதன் அறிவிப்பு.

இந்த ஆலைகளை முன்னிட்டு எழும் 'தோலா, மாற்றுப் பொருளா' என்னும் கேள்வி, பெரம்பலூரிலோ அரியலூரிலோ கடைத்தெருவில் உள்ள கைபேசிக் கடையொன்றில் உறை வாங்க நிற்பவரின் முன்னும் அப்படியே வந்து நிற்கிறது. கடையின் சுவரில் தொங்கும் ஒளி ஊடுருவும் பேக் கவர், புத்தகம்போல் மடங்கும் ஃபிளிப் கவர், இடுப்பு வாரில் கோக்கும் பவுச், கைக்கடிகாரப் பட்டை ஆகிய யாவும், காலணியின் அடிப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் பயன்படும் அதே பொருள்களால் ஆனவை. மேற்பரப்பில் வரிவரியாகச் சுருக்கம் தெரிகிற எதையும் 'லெதர்' என்றே சொல்லி விற்பது பல கடைகளில் வழக்கமாகிவிட்டதால், வாங்குபவர் தம் கையில் இருப்பது இன்னது என்று அறியாமலே பணம் கொடுக்கிறார். இந்த அறியாமை நுகர்வோரின் பணத்தோடு நிற்காமல் நிலத்தடி நீரிலும் குப்பைக் கிடங்கிலும் வந்து முடிகிறது என்பதால், இப்பொருள்களின் இயல்பைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நல்லது.

விலங்கின் தோல் என்பது கொலாஜன் என்னும் புரதத்தின் நுண்ணிழைகள் முப்பரிமாணத்தில் பின்னிக் கிடக்கும் ஓர் அமைப்பாகும். உரித்த நிலையில் உள்ள பச்சைத்தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். நீரிலிட்டுச் சூடேற்றினால் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுருங்கிப்போகும். இந்த இழைகளுக்கு இடையே வேதிப் பிணைப்புகளை உண்டாக்கி, அழுகாமலும் எளிதில் சுருங்காமலும் செய்வதே பதனிடுதல் ஆகும். தென்னகத்தின் பழைய முறையில், உப்பிட்டு வந்த தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து முடியையும் கொழுப்பையும் நீக்கிய பின்னர், ஆவாரம்பட்டை ஊறிய நீரிலும் கடுக்காய் நீரிலும் வாரக்கணக்கில் கிடத்துவார்கள். பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இழைகளோடு பிணைந்து தோலைப் பொன்னிறமாக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர்பெற்றிருந்தது இவ்வாறு பதனிட்ட தோல்தான். அந்த ஆவாரை பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளிலும் சாலையோரங்களிலும் இன்றும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. பதனிடும் தொழில் இப்பகுதியில் பெரிதாக வேரூன்றாவிட்டாலும், மின்மோட்டார் வருவதற்கு முன் கிணற்றுப் பாசனம் நடந்த ஊர்களில் எல்லாம் கவலைச் சாலின் அடியில் கட்டிய தோல் வால்தான் நீரை வாய்க்காலில் கொண்டுபோய்க் கொட்டியது. நாள் முழுவதும் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் மாடுகளின் இழுப்பைத் தாங்கியும் உழைத்த பொருள் அது. தோலின் உறுதியை அந்தத் தலைமுறை உழவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அதைத் தைத்தும் ஒட்டுப்போட்டும் கொடுத்த கைவினைஞர்களைச் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள் என்பதும் அதே வரலாற்றின் பகுதியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் உருவான குரோம் பதனிடுதல் இந்நிலையை மாற்றியது. குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைப் பயன்படுத்தும் இம்முறையில் வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடுவதோடு, கிடைக்கும் தோலும் மெல்லியதாகவும் மென்மையாகவும் கொதிநீரின் வெப்பத்தையே தாங்கக்கூடியதாகவும் இருக்கும். சென்னையை அடுத்த குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அமைந்த குரோம் தோல் நிறுவனத்தால்தான். இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் குரோம் முறையில் உருவாகிறது. இதற்குக் கொடுத்த விலை பாலாற்றங்கரையில் தெரிகிறது. ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் தேவை, ஒரு டன் பச்சைத்தோலிலிருந்து கிடைக்கும் தோல் கால் டன் அளவே, மிச்சமெல்லாம் கழிவு. குரோமியத்தைப் பற்றியே அதிகம் பேசப்பட்டாலும், கிணற்று நீரைக் குடிக்கவும் பயிருக்குப் பாய்ச்சவும் முடியாமல் ஆக்கியதில் பச்சைத்தோலைக் காக்கச் சேர்த்த சாதாரண உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநாட்டியது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச்சேற்றுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தனர். 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, ஒருமுறை கெட்ட நிலத்தடி நீர் திரும்புவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி வாழும் பெரம்பலூர் மாவட்டத்திற்குப் பதனிடும் ஆலைகளைத் தவிர்த்துத் தோலில்லாக் காலணி வந்தது, இந்த அளவில், நல்ல முடிவே ஆகும்.

ஆனால் தோலைத் தவிர்த்துவிட்டால் தீங்கும் தவிர்ந்துவிட்டது என்று கொள்வது பிழை. மாற்றுப் பொருள்கள் என்று ஒரே பெயரில் சொல்லப்படுபவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. தமிழர் நாவில் ரெக்சின் என்று வழங்குவது, ஓர் ஆங்கிலேய வணிகப் பெயரிலிருந்து வந்தது. தொடக்கத்தில் துணியின்மீது செல்லுலோஸ் நைட்ரேட் பூசிச் செய்யப்பட்ட அது, இன்று பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணியாக இருக்கிறது. பி.வி.சி. தன்னளவில் குழாய்போல் விறைப்பானது என்பதால், அதை வளையச் செய்ய தாலேட் போன்ற இளக்கிகளைக் கலக்கிறார்கள். நாளடைவில் இந்த இளக்கிகள் மேற்பரப்புக்குக் கசிந்து வெளியேற, பொருள் முதலில் பிசுபிசுத்துப் பிறகு விறைத்து வெடிக்கிறது.

அதைவிடத் தோலுக்கு நெருங்கிய தோற்றமுடையது பி.யு. என்று கடைகளில் சொல்லப்படும் பாலியூரித்தேன் பூச்சு. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரின் குழுவினர் உருவாக்கிய பாலியூரித்தேனை, சுருக்கங்களும் மயிர்த்துளைகளும் அச்சாகப் பதிந்த ஒருவகைக் காகிதத்தின்மேல் ஊற்றி, அதன்மேல் துணியை ஒட்டி, காகிதத்தை உரித்தெடுத்தால் தோலின் முகம் வந்துவிடுகிறது. இந்த முகத்திற்கு ஒரு பெருங்குறை உண்டு. மலிவான வகைகளில் பயன்படும் பாலியூரித்தேனின் மூலக்கூற்றுச் சங்கிலிகளில் எஸ்டர் என்னும் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றின் ஈரமும் கையின் வியர்வையும் அப்பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கின்றன. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. நீராற்பகுப்பு எனப்படும் இவ்வினையால், ஓரிரு ஆண்டுகளில் மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்து அடித்துணி தெரியத் தொடங்குகிறது. கடும் கோடையும் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமும் மாறிமாறி வரும் நம் மாவட்டங்களில், பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்த கைப்பையும் செருப்பும்கூட உரிந்துபோவதற்குக் காரணம் இதுவே. உரிந்ததைத் தைக்கவோ ஒட்டவோ செருப்புத் தைப்பவராலும் முடியாது, ஏனெனில் ஊசி பிடிப்பதற்கு அங்கே உறுதியான பொருள் எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

ஒளி ஊடுருவும் பேக் கவர் வேறு இனம். அது டி.பி.யு. எனப்படும், சூடாக்கினால் உருகி ஆறினால் இறுகும் நெகிழ் பாலியூரித்தேன். கடைகளில் பெரும்பாலும் சிலிகான் கவர் என்று விற்கப்பட்டாலும், உண்மையான சிலிகான் அதைவிட மெத்தென்று, தூசியை ஈர்த்துக்கொள்ளும் பரப்போடு இருக்கும். டி.பி.யு.வில் பூச்சு இல்லை, துணி இல்லை, பசை இல்லை; ஒரே பொருளை அச்சில் செலுத்தி ஒரே வார்ப்பாக எடுப்பதால் உரிவதற்கு எதுவுமில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மஞ்சளிப்பது அதன் தோற்றத்தைக் கெடுக்குமேயன்றி, கைபேசியைக் காக்கும் திறனை அவ்வளவாகக் குறைப்பதில்லை. எறையூரில் உருவாகும் காலணிக்கு ஆதாரமான எத்திலீன் வினைல் அசிடேட் வகைப் பொருளும் இவ்வாறே வார்ப்பாக வருவது. நுண்ணிய மூடிய குமிழ்கள் நிறைந்த நுரைப்பொருள் என்பதால் எடை குறைவு, தண்ணீர் உள்ளே புகாது, கழுவினால் போதும்.

கைபேசி தரையில் விழும்போது அடியின் வேகம் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் கண்ணாடியைச் சென்றடைகிறது. அந்த நேரத்தைச் சற்று நீட்டிக் கொடுத்தால் கண்ணாடியின்மீது படும் விசை குறையும் என்பதே உறையின் இயற்பியல். மூலைகளில் தடித்து, திரையின் விளிம்பைவிட ஒரு மில்லிமீட்டர் அளவு உயர்ந்து நிற்கும் டி.பி.யு. உறை நசுங்கி மீள்வதன் வழியாக இதைச் செய்கிறது. பாலிகார்பனேட் போன்ற விறைப்பான ஓடு கீறலைத் தடுக்கும் என்றாலும் அடியை உள்ளே கடத்திவிடும். மெல்லிய தோல் தனித்து நின்று இந்த வேலையைச் செய்வதில்லை. விலையுயர்ந்த தோல் உறைகளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே கைபேசியைப் பிடித்திருப்பது ஒரு பிளாஸ்டிக் ஓடாகவே இருக்கும். தோல் அதன்மேல் போர்த்தியது. மடங்கும் உறைகள் தோலானாலும் பி.யு. ஆனாலும் வெப்பத்தை உள்ளேயே தேக்குகின்றன. பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெப்பமே என்பதால், சித்திரை, வைகாசி மாதங்களில் சார்ஜ் ஏற்றும்போது ஃபிளிப் கவரைக் கழற்றிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை பூக்கும். உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வைத்தால் போய்விடும்.

பொருளின் ஆயுளும் பண்டத்தின் ஆயுளும் ஒத்துப்போக வேண்டும் என்பதே இந்த விவாதத்தில் மிகுதியும் கவனிக்கப்படாமல் போகிறது. நன்கு பதனிட்ட தோல் பத்து, இருபது ஆண்டுகள் உழைக்கும்; கைபேசியோ பெரும்பாலோரிடம் மூன்று, நான்கு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. அடுத்து வாங்கும் கைபேசியில் கேமராத் துளைகளின் இடமும் பொத்தான்களின் இடமும் மாறிவிடுவதால் பழைய உறை அதற்குப் பொருந்தாது. ஆகவே ஒரு குறிப்பிட்ட மாடலுக்கென வெட்டிய தோல் உறை, தன் ஆயுளில் பாதியைக்கூட வாழாமல் குப்பைக்குப் போகிறது. அதற்காகச் செலவான தண்ணீரும் குரோமியமும் உப்பும் அத்தனையும் வீண். மாறாக இடுப்பு வார், பணப்பை, தோள்பை, எந்தக் கைபேசியும் நுழையக்கூடிய பவுச் ஆகியவற்றில் தோலின் நீண்ட ஆயுள் முழுவதும் பயனாகும். கைபேசியோடு பிறந்து அதனோடு மறையும் உறைக்கு எளிய டி.பி.யு.வே பொருத்தம், தலைமுறை தாண்டிப் பயன்படக்கூடிய பண்டத்திற்குத் தோலே பொருத்தம். தோலின் ஆயுளும் இல்லாமல், ஒரே பொருளாய் வார்த்த பிளாஸ்டிக்கின் எளிமையும் இல்லாமல், துணியும் பூச்சும் பசையும் கலந்து, பழுதுபார்க்கவும் மறுசுழற்சி செய்யவும் இயலாமல் நிற்கிற மலிவான பி.யு. உறைதான் இவற்றில் எல்லாம் மோசமான தேர்வு; வருத்தத்திற்குரியது என்னவென்றால், அதிகம் விற்பனையாவதும் அதுவே.

தோல் என்று விற்கப்படுவதிலும் தரங்கள் உண்டு. தோலின் மேலடுக்கு இயற்கையான மயிர்த்துளைகளோடு அப்படியே இருப்பது உயர்ந்த வகை. அதன் கீழடுக்கைத் தனியாகச் சீவியெடுத்து, மேலே பாலியூரித்தேன் பூசிச் சுருக்கம் அச்சடித்தது அடுத்த வகை. தோல் தூளைப் பசையோடு கலந்து தகடாக அழுத்தியது கடைசி வகை. இம்மூன்றுக்கும் 'அசல் தோல்' என்னும் அதே முத்திரை குத்தப்படுவதைக் காணலாம். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது வெட்டிய விளிம்பை. அங்கே ஒழுங்கற்ற நார்கள் தெரிந்தால் தோல். நேர்க்கோட்டில் பிரிந்த துணியடுக்கும் பூச்சடுக்கும் தெரிந்தால் ரெக்சின் அல்லது பி.யு. அடுத்துப் பார்க்க வேண்டியது முகத்தின் சுருக்கங்களை. ஒரே கோலம் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சுக் காகிதத்தின் வேலை. விளிம்பைத் தைத்து மறைத்திருக்கும் உறைகளில் கேமராத் துளையின் ஓரம் இந்த உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

பெரிய நிறுவனங்களும் இக்கேள்வியில் இடறியிருக்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 2023 செப்டம்பரில் தன் துணைப்பொருள்கள் அனைத்திலும் தோலைக் கைவிடுவதாக அறிவித்து, 68 விழுக்காடு மறுசுழற்சி இழை கலந்த நெய்த உறையை அறிமுகம் செய்தது. அந்த உறை விரைவில் கீறலும் கறையும் படிந்ததாகப் பயன்படுத்தியோர் குறைகூற, அடுத்த ஆண்டிலேயே அது புதிய கைபேசிகளுக்கு வராமல் நின்றுபோனது. சூழல் நலன் கருதிச் செய்த பண்டம் நீடித்து உழைக்கவில்லையென்றால், அதற்குப் பதிலாக வாங்கப்படும் இரண்டாவது பண்டம் அந்த நலனை விழுங்கிவிடுகிறது. 'வீகன் லெதர்' என்னும் பெயரையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். விலங்கைக் கொல்லாதது என்பது அதன் பொருளேயன்றி, பிளாஸ்டிக் இல்லாதது என்பது அன்று. அன்னாசி இலை நாரிலும் கள்ளிச்செடியிலும் செய்யப்படும் தகடுகளில்கூட நாரைப் பிணைக்கவும் முகத்தைக் காக்கவும் பெரும்பாலும் செயற்கைப் பிசினே சேர்கிறது. மக்காச்சோளத்தின் சர்க்கரையிலிருந்து பாலியூரித்தேனுக்கான மூலப்பொருளின் ஒரு பகுதியைப் பெறும் தொழில்நுட்பம் அமெரிக்காவில் வணிக அளவில் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மக்காச்சோளத்தை மிகுதியாக விளைவிக்கும் மாவட்டங்களில் முன்னணியில் உள்ள பெரம்பலூர், அதைப் பெரும்பாலும் கோழித் தீவனத்திற்கே அனுப்பிக்கொண்டிருக்கும் நிலையில், அருகிலேயே காலணி ஆலைகள் அமைந்திருப்பதை வேளாண் ஆய்வாளர்களும் அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும்.

கழிவின் பக்கத்தில் அரியலூருக்குத் தனி இடம் உண்டு. மறுசுழற்சி செய்ய இயலாத பிளாஸ்டிக் கழிவை மாநிலத்தின் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பிவருகின்றன. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வரை சூடேற்றும் சூளையில் அவை நிலக்கரியோடு எரிகின்றன. பி.யு., டி.பி.யு., எத்திலீன் வினைல் அசிடேட் ஆகியவை இதற்கு ஒத்துவரும். பி.வி.சி. ஒத்துவராது, அதில் உள்ள குளோரின் சூளையின் பாதைகளில் உப்பாகப் படிந்து அடைப்பதால் ஆலைகள் அதை விரும்புவதில்லை. வீதியோரக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் அதே குளோரின் அமிலப் புகையையும் டையாக்சின் என்னும் நச்சையும் தரும். குரோம் தோலையும் கொளுத்தக் கூடாது, ஏனெனில் தீங்கு குறைந்த நிலையில் உள்ள குரோமியம் சூட்டில் நச்சுத்தன்மை மிக்க அறுவலுக் குரோமியமாக மாறக்கூடும். எனவே பெரம்பலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் ஆலைகள் முழு அளவில் இயங்கும்போது விழும் வெட்டுத்துண்டுகளும் வார்ப்பு மிச்சமும் எங்கே போகும் என்பதை இப்போதே வகுத்துவிட வேண்டும். பாலாற்றில் அந்தக் கணக்கு ஆறு கெட்ட பிறகே பார்க்கப்பட்டது.

தோலை முற்றிலும் ஒதுக்குவதிலும் ஒரு கழிவு உண்டு. இந்தியாவில் ஆடும் மாடும் தோலுக்காக வளர்க்கப்படுவதில்லை. தோல் இறைச்சியின் உடன்விளைவு. செயற்கைப் பொருள்களின் வரவால் பச்சைத்தோலின் விலை வீழ்ந்ததும், முன்பு நல்ல விலைக்குப் போன ஆட்டுத்தோல் பல ஊர்களில் கேட்பாரற்றுப் புதைக்கப்படும் நிலை வந்திருக்கிறது. வெட்டப்பட்ட ஆட்டின் தோலை மண்ணில் புதைத்துவிட்டு, பெட்ரோலியத்திலிருந்து அதன் போலியைச் செய்து வாங்குவதில் உயிருக்கும் நன்மை இல்லை, மண்ணுக்கும் நன்மை இல்லை. சூழல் விதிகளை முழுமையாகப் பின்பற்றி, உப்பைக் குறைத்துப் பதனிடும் தோலுக்கு எதிர்காலம் இருக்கவேண்டிய காரணம் இதுவே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் ஒவ்வொரு காலணியிலும் அதன் மேற்பகுதி, உட்புறம், அடிப்பகுதி ஆகியவை எதனால் ஆனவை என்பதைக் குறியீடுகளால் காட்ட வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் நெறியாணை ஒன்று கட்டளையிடுகிறது: விரித்த தோலின் வடிவம் தோலையும், அதற்குள் சாய்சதுரம் இருந்தால் பூச்சிட்ட தோலையும், வலைக்கோடுகள் துணியையும், வெறும் சாய்சதுரம் பிற பொருள்களையும் குறிக்கும். நம் மண்ணில் உருவாகும் காலணி ஐரோப்பியக் கடைக்குப் போனால் இந்தக் குறியைத் தாங்கியே விற்கப்பட வேண்டும். அதே குறிகளை நம் கடைகளில் விற்கும் கைபேசி உறைக்கும் பணப்பைக்கும் பள்ளிப்பைக்கும் கட்டாயமாக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் முன்வர வேண்டும். அதுவரை, உறை வாங்குவோர் ஒவ்வொருவரும் விளிம்பைத் திருப்பிப் பார்த்து, 'இது எதில் செய்தது?' என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும்.